காப்புக் கட்டிய ஊரும் நைரோபி டிக்கெட்டும்

2023 மே மாதம் 10ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். பெருமாள்மலையில் சாரல். எதிரே நின்ற பஸ்ஸின் முகப்பு விளக்கு தெரிந்தது, பஸ் தெரியவில்லை. அந்த அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தேன். வாயில் போடுவதற்குள் மயிலு அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

“சார், வெள்ளிக்கிழமை என்னால ஏற முடியாது. நேத்து ராத்திரி எங்க ஊருல காப்புக் கட்டிட்டாங்க.”

இரண்டு மாத்திரைகளும் கீழே விழுந்தன. ஒன்றுதான் கிடைத்தது. எது என்று பார்க்காமல் அதையே விழுங்கினேன்.

நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மேடத்தைப் பற்றி எழுதினால் ஊக்கமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். அவரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்ததில் எனக்குக் கூடியது ஊக்கமா, இதயத் துடிப்பா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் யாராவது ஏதாவது கேட்பதே அபூர்வம்.

மேடம் பழனிக்காரர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். வாழைப்பழம் பிசைந்த கை என்று தன் கையைத் தானே காட்டிச் சொல்வார். படித்தது விவசாயம். பிறகு ஹாலந்தில் பூ ஏலக் கூடத்தில் நாலு வருஷம், எத்தியோப்பியாவில் மூன்று, கென்யாவில் ஆறு. அதன்பிறகு நம் பூப்பண்ணைக்குத் தலைவியாக வந்து சேர்ந்தார். வந்த அன்று பேத்துப்பாறைக்கு மேலே பூ வளரும் பிளாஸ்டிக் குடில்களை, அதாவது பாலிஹவுஸ்களை, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தார். மாலையில் அதே பூட்ஸோடு, அதே சேற்றோடு, என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, இங்க எத்தன பேரு வேலை பாக்குறாங்க?”

“இருநூத்திப் பதினாலு பேர், மேடம்.”

“அதுல பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க?”

“ஒன்பது.”

“ஒன்பதும் ஆபீஸ் ஆளுங்களா?”

“ஆமாம்.”

“பூவ ஒரு நாளைக்கு எத்தன தடவ தொடுவீங்க நீங்க?”

நான் பூவைத் தொடுவதில்லை. எனக்குத் தும்மல் வரும். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். தரையில் சேற்றுத் தடம் ஆறு இருந்தது.

ஒரு மாதத்துக்குள் எல்லோரும் அவரை ‘பாஸ்போர்ட்டம்மா’ என்றுதான் சொன்னார்கள். கண்ட ஆளையெல்லாம் நிறுத்தி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு என்பார். மருந்து அடிக்கிறவன், குளிர் அறை மெக்கானிக், சமையல்காரர் உட்பட. நம் நிறுவனத்துக்குக் கென்யாவில் ஒரு கூட்டாளிப் பண்ணை உண்டு. அங்கே நம் ஆட்கள் ஆறு மாதம் வேலை பார்க்க வேண்டும், அவர்கள் ஆட்கள் இங்கே ஆறு மாதம். அதுதான் அவர் திட்டம். தலைமை அலுவலகத்தில் இதை ‘சர்வதேசப் பணி வாய்ப்பு’ என்று வழவழப்பான தாளில் அச்சடித்தார்கள். மேடம் அதற்குக் கொடுத்த விளக்கம் வேறு.

“போறவங்க திரும்பி வந்து நம்மளக் குறை சொல்லணும். வர்றவங்க வந்த மறுநாளே குறை சொல்லணும். அதுக்குத்தாண்ணே காசு செலவழிக்கிறோம். புகழ்றதுக்கு நம்ம ஆளுங்களே போதும்.”

2023 ஜனவரியில் கென்யாவிலிருந்து முதலில் வந்தது வாஞ்சிகு என்ற பெண். எங்கள் கிரேடிங் ஷெட்டில், அதாவது பூவைத் தண்டு நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டும் கூடத்தில், மேற்பார்வை பார்க்க வந்தார். வந்த இரண்டாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்தப் பெண்கள் ஏன் எட்டு மணி நேரமும் நிற்கிறார்கள்?” பதினோரு வருஷமாக நிற்கிறார்கள், அதனால் நிற்கிறார்கள். நாற்பத்திரண்டு ஸ்டூல் வாங்கினோம். எண்ணி இறக்கியது நான். அதற்கு அடுத்த மாதமே உடைந்த பூக்காம்பு பாதியாகக் குறைந்தது. கால் வலித்தால் கை அவசரப்படும் என்று அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது.

இனி மயிலு. கூக்கால் பக்கத்துக் கிராமம். ஊர் பெயர் வேண்டாம். அந்த ஊரில் எனக்கு இன்னும் பூண்டு தருகிறார்கள். வயது முப்பத்தொன்று, படிப்பு பத்தாவது. புருஷன் லாரியோடு மலைப்பாதையில் உருண்டு செத்துப்போனான். மாமியார், எட்டு வயதில் ஒரு பையன், ஒரு ஓட்டு வீடு. ஷெட்டில் அவள் கை போனால் ஒரு கட்டுக்கு இருபது பூ கண்ணை மூடிக்கொண்டு வரும். முதல் தொகுப்பில் மூன்று பேரை அனுப்புவது என்று முடிவானபோது, மேடம் ஒரு விதி போட்டார்: ஒவ்வொரு தொகுப்பிலும் ஒருவர் ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்க வேண்டும். தலைமை அலுவலகம் மூன்று மாதம் மறுத்தது. ஆங்கிலம் வராது, தனியாகப் போக மாட்டார்கள், பாதியில் அழுதுகொண்டு திரும்பி வருவார்கள் என்றார்கள். மேடம் மூன்று மாதமும் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. இந்த ஒரு தடவை சரியாக நடந்தால் விதி நிலைக்கும். தடுமாறினால் விதி ரத்து.

ஆகவே மயிலு விமானம் ஏறுவதில்தான் எல்லாம் இருந்தது. அவளுக்கு மட்டும் அல்ல, ஷெட்டில் அவளுக்குப் பின்னால் நின்ற, மன்னிக்கவும், இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்பத்தோரு பேருக்கும்.

பயணத் தேதி குறித்த கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். மேடம் அன்று பெங்களூரில். ஏழு பேரும் ஆண்கள். மதுரை மூன்று, திண்டுக்கல் இரண்டு, வத்தலக்குண்டு ஒன்று, பெரியகுளம் நான். மே 12 வெள்ளிக்கிழமை டிக்கெட் மலிவாக இருந்தது. பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் இன்னும் மலிவு. அதையே எடுக்கச் சொன்னேன். ஏழு பேரும் தலையாட்டினோம். அந்த மலையில் சித்திரை வைகாசியில் எந்த ஊரில் எப்போது சாமி சாட்டுவார்கள், அதாவது திருவிழாவை அறிவித்துக் காப்புக் கட்டுவார்கள், என்று ஏழு பேரில் ஒருவனுக்கும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

திங்கட்கிழமை மயிலு என் அறைக்கு வந்து சொன்னாள்: “சார், எங்க ஊரு திருவிழாவுக்கு நாளைக்கிச் சாட்டப்போறாங்க.” நான் விமானத்தில் ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்லபடியா போயிட்டு வாம்மா, அடுத்த வருஷத் திருவிழா பாத்துக்கலாம்” என்றேன். விடுப்பு கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். நான் நிமிரவில்லை. போய்விட்டாள்.

உங்களில் சமவெளிக்காரர்கள் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் காப்புக் கட்டிவிட்டால், கட்டும்போது ஊருக்குள் இருந்த யாரும் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வேலைக்கு வரலாம். படுக்கைக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும். கட்டும் நேரத்தில் ஊரில் இல்லாதவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதாவது செவ்வாய்க்கிழமை ஒரு ராத்திரி மயிலுவைப் பெருமாள்மலையில் யார் வீட்டிலாவது படுக்க வைத்திருந்தால் விஷயம் முடிந்தது. ஒரு பாய், ஒரு போர்வை. அதற்குத்தான் அவள் திங்கட்கிழமை வந்து நின்றிருக்கிறாள்.

புதன்கிழமைக்கு வருகிறேன். எட்டேகாலுக்கு ரகு வந்தான். உற்பத்திப் பிரிவு உதவியாளன், பட்டதாரி, காத்திருப்போரில் முதல் ஆள். அவனுக்கும் அனுமதி எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். நல்ல பையன்தான். ஆனால் கையில் பெட்டி இருந்தது.

“இன்னைக்கிப் புதன்கிழமை. பெட்டி எதுக்கு?” என்றேன்.

“சும்மா எடை பாக்கலாம்னு கொண்டாந்தேன் சார்.”

மலையில் செய்தி பஸ்ஸைவிட வேகமாக இறங்கும்.

எட்டரைக்கு, மேடமும் வந்து விஷயத்தைக் கேட்டபிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து போன். மேடம் ஒலிபெருக்கியில் போட்டார். “குரூப் டிக்கெட்டுதான், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேர் மாத்திக் குடுங்க மேடம். ரகு ரெடியா இருக்கார்னு கேள்விப்பட்டோம். நாங்க அப்பவே சொன்னோம்ல, இவங்களுக்கெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு, வீட்டுக் கட்டுப்பாடுன்னு ஏதாவது ஒண்ணு வரும்னு.”

மேடம் போனை வைத்துவிட்டு மயிலுவைப் பார்த்தார். “சாமி பயமா?”

“சாமிகிட்ட நான் பேசிக்குவேன் மேடம். ஆலங்கட்டி மழை பெஞ்சா, எவன் வீட்டு மாடு செத்தா, மயிலு காப்ப மீறிப் போனான்னுதான் சொல்லுவாங்க. நான் கென்யாவுல இருப்பேன். எம்மாமியாளும் மகனும் அந்த ஊருலதான கெடக்கணும்?”

“சரி. நீ போயி சோலியப் பாரு. அண்ணே, வண்டில ஏறுங்க.”

மேடம் வண்டி ஓட்டினால் நான் முன் சீட்டில் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பேன். ஹாரன் அடிக்காமல் திரும்பிய வளைவுகள் பதினொன்று. ஒரு வளைவில் எதிரே காரட் ஏற்றிய வண்டி வந்தது. “நான் பழனியில பொறந்தவ, காப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும், எனக்கே ஒறைக்கல பாருங்க” என்று அந்த வளைவில்தான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“ரோட்டப் பாருங்க மேடம்.”

“ஏழு பேரு உக்காந்திருக்கீங்க. ஏழு பேருக்கும் ஒரே கண்ணு. அப்ப ஏழு பேரு எதுக்கு? ஒருத்தரே தப்புப் பண்ணியிருக்கலாம். டீச் செலவாவது மிச்சம்.”

ஊரில் கோயிலுக்கு முன்னால் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. கமிட்டித் தலைவர் பூண்டு மண்டி வைத்திருப்பவர், அறுபத்தைந்து வயது இருக்கும், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். மேடம் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலி வருவதற்கு முன்பே ஒரு பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். நான் நின்றேன். மூட்டை ஈரமாக இருந்தது.

“வாங்க தாயி. மயிலு விசயமா வந்திருப்பீங்க. அது முடியாதுங்க” என்றார் தலைவர் எடுத்த எடுப்பில். “கலெக்டர் வந்து சொன்னாலும் முடியாது.”

“அதச் சொல்ல வரலைங்கய்யா. திருவிழா ஏற்பாடெல்லாம் எப்பிடி?”

“கெடக்கு. மழைதான் பயமுறுத்துது.”

“எத்தன தலைக்கட்டு உங்க ஊருல?”

“நூத்தி எழுவத்தாறு.”

“வரி?”

“தலைக்கட்டுக்கு ஆயிரத்தி ஐநூறு.”

“மயிலு வீட்டுல வாங்கிட்டீங்களா?”

தலைவர் சிரித்தார். “அது ஆம்பள இல்லாத வீடுங்க. தலைக்கட்டுல வராது. பாவம்னு விட்டிருக்கோம். அந்தப் பய வளந்து கல்யாணம் முடிச்சா அப்பச் சேத்துக்குவோம்.”

“அப்ப கணக்குல இல்ல.”

“இல்லைங்க.”

“கணக்குல இல்லாத ஆளுக்குக் காப்புக் கட்டு மட்டும் எப்பிடிங்கய்யா வரும்?”

பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்று, “அதானே” என்றார். தலைவர் அவரைப் பார்த்து, “உனக்கு இங்க என்ன சோலி? தண்ணிய வெரசாக் கொண்டு போ” என்றார். அந்த அம்மாள் நகரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் தலைவரின் சம்சாரம்.

தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். ஒரு டீ குடித்து, டம்ளரும் ஆறிப்போகிற வரை பேசிவிட்டு வந்தார்.

“நீங்க கேட்டது கணக்குப்படி சரிதாங்க. தலைக்கட்டுல இல்லாதவ எங்க படுத்தா ஊருக்கென்ன? போகச் சொல்லுங்க. ஒரு பேச்சு வராது. அவ மாமியாளையும் ஒருத்தன் ஒண்ணும் சொல்லமாட்டான். நான் பொறுப்பு.”

திரும்பும்போது மேடம் பாட்டுப் பாடினார். பாடத் தெரியாது அவருக்கு. நான்கூட ஒரு வளைவில் கண்ணை மூடினேன். அந்த வாதத்தை வேறு யார் யோசித்திருக்க முடியும் என்று எனக்கு ஒரே பெருமை. நீங்களும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஷெட்டுக்குள் போனபோது மணி மூன்று. மேடம் எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள். மயிலு தட்டவில்லை. கையில் இருந்த கட்டை முடித்து, ரப்பர் பேண்டு போட்டு, வாளியில் வைத்தாள். அதன்பிறகுதான் பேசினாள்.

“என்னன்னு சொன்னீங்க மேடம் அவங்ககிட்ட?”

“நீ தலைக்கட்டுக் கணக்குல இல்லன்னு.”

“அப்பிடிச் சொல்லியா கேட்டீங்க?”

மேடம் ஆமாம் என்று தலையாட்டினார்.

“அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து பத்து வருசம். கோயிலுக்கு மண்ணு சுமந்திருக்கேன். பாதை வெட்டப் போயிருக்கேன். எழவு விழுந்தா மொத ஆளா நிப்பேன். வரி வாங்காம விட்டாங்க. பாவம்னு விட்டாங்க, அது அவங்க பேச்சு. நீங்க போயி, இவ இல்லவே இல்லன்னு ஊரு வாயாலேயே சொல்ல வச்சுட்டு வந்திருக்கீங்க.”

“மயிலு, போறதுக்கு ஒரு வழி...”

“போனா, இருக்கிறவளாப் போறேன் மேடம். இல்லாதவளாப் போக மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு எந்த ஊருக்குத் திரும்பி வருவேன் நான்?”

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மயிலுவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தப்புதான். என்ன செய்யலாம்? நீ சொல்லு.”

“வரிய நான் கட்டுறேன். எம் பேருல ரசீது வேணும். அடுத்த புதன்கிழமை காப்பு அவுத்துருவாங்க. அதுக்கு மறுநா வெள்ளனே கூப்பிட்டாலும் கெளம்பிருவேன்.”

“அவங்க வாங்க மாட்டேன்னா?”

“வாங்கலன்னா வெள்ளிக்கிழமையே கெளம்புறேன். ஆனா அத எம் மூஞ்சியப் பாத்து அவரு சொல்லட்டும்.”

மணி நாலே முக்கால். மேடம் என் அறையில் வந்து உட்கார்ந்து, முதலில் கென்யாவுக்குப் போன் போட்டார். அந்தப் பண்ணையின் மேலாளரும் ஒரு பெண்மணிதான். ஆங்கிலத்தில் காப்பு, தலைக்கட்டு எல்லாவற்றையும் விளக்க மேடம் பட்ட பாட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நடுவில் சிரித்துவிட்டு, எங்கள் கிராமத்திலும் இப்படி நாட்கள் உண்டு, ஒரு வாரம் தாமதமாக வரட்டும், ஆனால் வரட்டும் என்றாராம். அதன்பிறகு தலைமை அலுவலகம். அங்கே சிரிப்பெல்லாம் இல்லை.

“டிக்கெட் வீணாகும். புது டிக்கெட்டுக்குக் கம்பெனி ஒரு பைசா தராது. ரகுவ அனுப்பிடுங்க மேடம், சிம்பிளா முடிஞ்சிடும்.”

“வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு போவாங்க. மூணாவது சீட் காலியாப் போகும். ரகு போக மாட்டான்.”

“அப்ப உங்க விதியப் பத்தி நாங்க மறுபடி யோசிக்க வேண்டி வரும்.”

“யோசிங்க. மே இருபதாம் தேதி அவ அங்க வேலையில நிக்கலன்னா நானே ரத்துன்னு எழுதிக் குடுத்துடுறேன். என் ராஜினாமாவையும் சேத்து.”

போனை வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த என் பன்னை எடுத்துத் தின்றார். என்னைக் கேட்கவில்லை.

“அண்ணே, ராஜினாமான்னு வாய விட்டுட்டேன்.”

“பின்ன எதுக்கு மேடம் அப்படிச் சொன்னீங்க? ரகுவ இந்தத் தடவ அனுப்பிட்டு, மயிலுவ அடுத்ததுல...”

“இன்னைக்கி ரகுவ அனுப்பிட்டா, இனிமே ஒவ்வொரு தடவையும் ஒரு ரகு பெட்டியோட வெளிய நிப்பான்.”

சன்னல் வழியாகப் பார்த்தேன். உண்மையாகவே நின்றான். சாரலில் பெட்டி நனைந்துகொண்டிருந்தது.

“டிக்கெட் தேதி போட்டது யாருண்ணே?” என்றார் மேடம், பன்னின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு.

“நான்தான்.”

“புது டிக்கெட்டுக்குப் பாதி நான் போடுறேன்.”

“வேண்டாம் மேடம், முழுசும் நானே போடுறேன்” என்றேன். வாய் முந்திக்கொண்டது. பெருமாள்மலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பாதி என்றால் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் வியாழன். மேடம் வரவில்லை. “நேத்து நான் பேசினது போதும். அவ பேசட்டும். நீங்க கூட மட்டும் போங்க, வாயத் தொறக்காதீங்க” என்று என்னை அனுப்பினார். மயிலு புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மூன்று ஐநூறு ரூபாய்த் தாளை அவிழ்த்துத் தலைவர் முன்னால் வைத்தாள்.

“என்னாத்தா இது?”

“வரி மாமா.”

“உனக்குத்தான் கெடையாதுன்னு நேத்தே சொல்லிட்டோமே. நீ போலாம். இன்னும் என்ன?”

“கெடையாதுன்னு எனக்குச் சொல்லலியே. அவுகளுக்குத்தானே சொன்னீங்க. ஏ மயிலு, நீ இந்த ஊருக்காரி இல்லன்னு எங்கிட்டச் சொல்லுங்க. இப்பவே பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும்போல் இருந்தது.

“சொல்லுறதுக்கென்ன...” என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டார். குடத்து அம்மாள், அதாவது அவர் சம்சாரம், இன்றைக்குக் குடம் இல்லாமலேயே வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள்.

“சொல்லுங்களேன்” என்றார் சம்சாரம். “நாளைக்கி நீங்க போயிட்டா எனக்கும் அதத்தான சொல்லுவானுக. இப்பவே காதுல போட்டு வச்சுக்கிறேன்.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். “ஏலே, என்னலே சிரிப்பு?” என்றார் தலைவர். ஆனால் குரலில் பலம் இல்லை. பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னார். மேளக்காரருக்கு முன்பணம் பாக்கி என்று என் காதில் விழுந்தது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிய கோயில் கமிட்டியை இந்த வயது வரை நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

“சரி. பயல் பேருல எழுது” என்றார் தலைவர்.

“எம் பேருல மாமா. அவன் மூணாப்புப் படிக்கிறான்.”

எழுதினார்கள். ரசீதில் ‘தலைக்கட்டு’ என்று அச்சடித்த இடத்துக்கு நேராக, மயிலு என்று. அவள் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். “அப்ப காப்பு என்னையக் கட்டும்ல மாமா?”

“கட்டும். புதன்கிழமை வரைக்கும் ராத்திரி எங்கயும் தங்கப்பிடாது. மீறுனா குத்தம்.”

“மீற மாட்டேன்” என்றாள். ஒரு தடையை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

திருவிழா முடிவதற்குள் ஆண் இல்லாத இன்னும் ஆறு வீட்டுக்காரிகள் பணத்தோடு வந்து நின்றார்களாம். அந்த வருஷம் தலைக்கட்டு நூற்று எண்பத்து மூன்று. மேளக்காரருக்குப் பாக்கி இல்லை.

அந்த ஒரு வாரமும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மலைப்பாதையில் மரம் விழுமா, மதுரையில் விமானம் தாமதமாகுமா, மயிலுவின் பையனுக்குக் காய்ச்சல் வருமா என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் எனக்குத்தான் வந்தது. 18ஆம் தேதி காலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு மயிலுவை மதுரைக்கு வண்டி ஏற்றிவிட்டேன். “சார், நீங்க வீட்டுக்குப் போயிப் படுங்க, நான் போயிக்கிருவேன்” என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். மே 20ஆம் தேதி அந்தப் பண்ணை ஷெட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கையில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். இல்லை, உட்கார்ந்துகொண்டிருந்தாள். மேடம் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார், ஒரு வார்த்தைகூட எழுதாமல். விதி நிலைத்தது. அடுத்த தொகுப்பில் ரகுவும் போனான், முறையாக.

நவம்பரில் மயிலு திரும்பி வந்தாள். வந்த மறுநாள் கூட்டத்தில் பதினேழு குறை சொன்னாள். கத்தரிக்கோலை மருந்துத் தண்ணீரில் முக்குவதில்லை, வாளி கழுவுவதில்லை, குளிர் அறைக் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது என்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாறாவது நான். “ஆளக் கேக்காமத் தேதி குறிக்கிறாங்க. கேக்க வந்து நின்னாலும் நிமிந்து பாக்குறதில்ல.” மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்து, “பாத்தீங்களா, காசு வீண் போகல” என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றிலிருந்து தேதி குறிக்கும் எந்தக் கூட்டத்திலும் ஷெட்டிலிருந்து ஒருவர் இருப்பார். உங்கள் கூட்டங்களிலும் இருப்பார். அவர் பேசும்போது பெட்டி எடையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இந்த ஒன்றுதான். நாலு கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து மயிலு என் அறைக்கு வந்தாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தேன்.

“என் டிக்கெட்டுக்கு நீங்கதான் காசு கட்டினீங்களாம். மேடம் சொன்னாங்க. எவ்வளவு சார் ஆச்சு?”

சொன்னேன்.

“அம்மாடி. ஊரு வரியே ஆயிரத்தி ஐநூறுதான்” என்றாள். “அப்ப நீங்க ரொம்பப் பெரிய தலைக்கட்டு சார்.”

இருபத்து மூவாயிரத்து நானூற்று எழுபது ரூபாய். ரசீது இல்லை.